வார்ஃபரினே தோற்றுப்போகும் சோதனை

குருதி உறைதலைத் தடுக்கும் புதிய கரிமச் சேர்மங்களைப் பற்றி வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வகை அடிக்கடி என் கண்ணில் படுகிறது. கூமரின் என்ற கரிமச் சேர்மத்தின் வழிப்பொருளான 4-ஹைட்ராக்சிகூமரினை எடுத்துக்கொண்டு, அதனோடு வெவ்வேறு ஆல்டிஹைடுகளை வினைபுரியச் செய்து பத்துப் பதினைந்து புதிய சேர்மங்களைத் தொகுக்கிறார்கள். என்.எம்.ஆர். நிறமாலையும் நிறை நிறமாலையும் எடுத்து அவற்றின் அமைப்பை உறுதி செய்கிறார்கள். அடுத்ததாக, ஒவ்வொன்றையும் சிறிதளவு கரைத்து மனிதப் பிளாஸ்மாவில் (செல்கள் நீக்கிய குருதித் திரவம்) கலந்து, அது உறைய எடுக்கும் நேரத்தின் ஓர் அளவான புரோத்ராம்பின் நேரம் எத்தனை நொடி நீண்டது என்று அட்டவணை போடுகிறார்கள். உறைவெதிர்ப்பி மருந்தான வார்ஃபரினும் கூமரின் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே என்ற ஒற்றுமையை முகவுரையில் சுட்டி, நீண்ட நேரம் காட்டிய சேர்மத்தை நம்பிக்கைக்குரிய உறைவெதிர்ப்பி என்று முடிவுரையில் அறிவிக்கிறார்கள்.

கரிமத் தொகுப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்தக் கட்டுரைகளின் முதல் பாதியை நான் மதிப்புடன் படிக்கிறேன். இரண்டாம் பாதியில்தான் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அதே குழாயில், அதே பிளாஸ்மாவில், மருத்துவம் பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கும் வார்ஃபரினையே கலந்து பார்த்தாலும் புரோத்ராம்பின் நேரம் பெரிதாக நகராது. உண்மையான மருந்து தோற்றுப்போகும் ஒரு சோதனையில் புதிய சேர்மம் வென்றுவிட்டது என்றால், அது எதை வென்றது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

காரணம் எளியது. வார்ஃபரின் குருதியில் வேலை செய்வதில்லை. கல்லீரலில் வேலை செய்கிறது. உறைதலுக்குத் தேவையான காரணிகளில் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய நான்கும் கல்லீரல் செல்களில் உருவாகும்போது, அவற்றின் குறிப்பிட்ட குளுட்டாமிக் அமிலப் பகுதிகளில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி ஏற்றப்படுகிறது. அது ஏறினால்தான் அந்தப் புரதங்கள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, காயம்பட்ட இடத்தில் உள்ள கொழுப்புப் படலத்தில் ஒட்டி நிற்க முடியும். இந்த வேலைக்கு வைட்டமின் கே ஒடுக்கப்பட்ட வடிவில் வேண்டும். ஒவ்வொரு முறை பயன்பட்டதும் அது எப்பாக்சைடாக மாறிவிடுகிறது. அதைத் திரும்ப ஒடுக்கித் தரும் நொதியைத்தான் வார்ஃபரின் முடக்குகிறது. ஏற்கெனவே முழுமை பெற்றுக் குருதியில் மிதந்துகொண்டிருக்கும் காரணிகளை அது தொடுவதே இல்லை. அவை தாமாகக் கழிந்துபோகும் வரை காத்திருக்க வேண்டும். ஏழாம் காரணியின் அரைவாழ்வு ஏறத்தாழ 6 மணி நேரம், இரண்டாம் காரணியான புரோத்ராம்பினுடையது ஏறத்தாழ 60 மணி நேரம். வார்ஃபரின் மாத்திரையைத் தொடங்கிய நோயாளிக்கு முழுப்பலன் கிடைக்கப் பல நாள் ஆவதும், அதுவரை ஹெப்பரின் என்ற வேறோர் உறைவெதிர்ப்பி ஊசி தேவைப்படுவதும் இதனால்தான். பிரித்தெடுத்த பிளாஸ்மாவில் கல்லீரல் செல்லும் இல்லை, அந்த நொதியும் இல்லை. அங்கே வார்ஃபரினுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தவர்கள் இதற்கு நேர்மாறான வரிசையில் வேலை செய்தார்கள் என்பதால், அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளிலும் மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. கொம்பை நீக்குவது, காயடிப்பது போன்ற சிறு அறுவைகளுக்குப் பிறகு இரத்தம் நிற்கவே இல்லை. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் தீவனம்தான் காரணம் என்று கால்நடை நோயியலாளர் பிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டுபிடித்தார். நோயுற்ற மாடுகளின் இரத்தத்தில் புரோத்ராம்பின் குறைகிறது என்பதை வடக்கு டகோட்டாவில் லீ ரோடெரிக் காட்டினார். 1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சினைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி இறந்த கிடாரி ஒன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்தை அடைந்தார்.

லிங்கின் குழு அந்தத் தீவனத்திலிருந்து தூய படிகத்தைப் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்தின் பெரும் பகுதி வேதியியல் பிரித்தெடுப்பில் மட்டும் கழியவில்லை. எந்தப் பகுதியில் நஞ்சு இருக்கிறது என்று சொல்லக்கூடிய நம்பகமான சோதனையை உருவாக்குவதிலும் கழிந்தது. தீவனச் சாற்றை முயல்களுக்குக் கொடுத்து, பின்னர் அவற்றின் இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீர்த்து, புரோத்ராம்பின் நேரத்தை அளந்தார்கள். எல்லா முயல்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை என்பதால், அளவறிந்த சாற்றைக் கொடுத்து ஒவ்வொரு முயலின் உணர்திறனையும் முன்கூட்டியே தரப்படுத்தினார்கள். இந்த முறையைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். 1939 ஜூனில் ஹரால்டு கேம்பல் முதல் படிகங்களைக் கண்டார். மார்க் ஸ்டாமன் அதைக் கிராம் அளவுக்குப் பெருக்கினார். சார்லஸ் ஹியூப்னரும் சேர்ந்து அமைப்பைத் தீர்மானித்து, 1940-இல் அதைச் செயற்கையாகவும் தொகுத்தார்கள். இரண்டு 4-ஹைட்ராக்சிகூமரின் அலகுகளை ஒரு மெத்திலீன் பாலம் இணைக்கும் அந்தச் சேர்மம்தான் டைகூமரால்.

என்னை வியக்க வைப்பது இதன் பிறகு வருவது. கார்பாக்சில் ஏற்றம் என்ற நிகழ்வே 1974-இல்தான் தெரிய வந்தது. வார்ஃபரின் முடக்கும் அந்த நொதிக்கான மரபணு 2004-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதாவது லிங்கின் குழுவினருக்குத் தாங்கள் தொகுத்த சேர்மங்கள் உடலில் எங்கே, எதைப் பிடிக்கின்றன என்பது தெரியாது. தெரியாமலேயே அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட உறவுச் சேர்மங்களைத் தொகுத்துச் சரியாகத் தரம் பிரித்தார்கள். முழு விலங்கில் சோதித்ததால், பெயர் தெரியாத அந்த நொதியும் சோதனைக்குள் தானாகவே வந்து சேர்ந்திருந்தது. 1945-இல் நுரையீரல் உறை நோயால் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த லிங்க், எலிகளைப் பற்றிய வரலாற்றைப் படித்துக்கொண்டே பழைய பட்டியலைத் திரும்பப் புரட்டினார். டைகூமரால் எலிக்கொல்லியாக இருக்க மிக மெதுவானது; பட்டியலின் 42-ஆம் எண் சேர்மம் பொருத்தமாக இருந்தது. அதுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் தற்கொலை எண்ணத்துடன் அதைப் பெருமளவில் விழுங்கியும், வைட்டமின் கே சிகிச்சையால் முழுமையாகத் தேறினார். மனிதர்களுக்குக் கொடுக்கலாம் என்ற துணிவு பிறந்ததில் அந்த நிகழ்வுக்கும் பங்கு உண்டு; 1954-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இவற்றைத் தொகுப்பது கடினமான வேலையே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை கட்டுரைகள் வருவதற்கும் அதுவே காரணம். லிங்கின் குழு மெத்தில் அசெட்டைல் சாலிசிலேட்டைச் சோடியத்துடன் வினைபுரியச் செய்து வளையம் மூடி 4-ஹைட்ராக்சிகூமரினைப் பெற்றது. இன்று அது புட்டியில் விலைக்குக் கிடைக்கிறது. அதன் மூன்றாம் கார்பன் எலக்ட்ரான் செறிவு மிக்கது. ஆல்டிஹைடு ஒன்றைக் கண்டால் விரைந்து தாக்கும். ஆல்கஹாலில் இரண்டையும் போட்டுச் சூடாக்கினால், பல நேரங்களில் குளிர்ந்ததும் வெண்ணிறத் திண்மம் தானே வீழ்படியும். வடிகட்டிக் கழுவினால் போதும், நிரல் பிரிப்பு கூடத் தேவைப்படாது. குடுவையின் சுவரில் அந்தப் படிகங்கள் பூப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை. பென்சிலிடீன் அசெட்டோனோடு மைக்கேல் சேர்க்கை செய்தால் கிடைப்பது வார்ஃபரின். அதே பென்சீன் வளையத்தில் ஒரு நைட்ரோ தொகுதி இருந்தால் நம் ஊர் மருந்துக் கடைகளில் பழக்கமான அசெனோகூமரால்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. இப்படிக் கிடைக்கும் வார்ஃபரின் இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களின் சமக் கலவை. எஸ் வடிவம் ஆர் வடிவத்தை விடப் பல மடங்கு வலியது. இரண்டையும் கல்லீரல் வெவ்வேறு நொதிகளால் சிதைக்கிறது. மாத்திரையாக விற்பதும் கலவைதான். ஒரு வடிவத்தை மட்டும் நேரடியாகத் தொகுக்கும் எளிய கரிம வினையூக்கி முறையை 2003-இல் டென்மார்க்கில் யோர்கன்சன் குழு வெளியிட்டது. புதிய வார்ஃபரின் வகைச் சேர்மம் செய்பவர்கள் ஆடிப்பிம்பங்களைப் பிரிக்காமல் ஒரே எண்ணைத் தருவது, எந்தக் கை வேலை செய்தது என்று தெரியாமல் பாராட்டுவதைப் போன்றது.

குழாயில் செய்யும் சோதனையே பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. இலக்கு குருதியிலேயே இருந்தால் அதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. அதற்கு மிக நல்ல சான்று ஜெர்மனியின் வூப்பர்டாலில் பேயர் நிறுவன ஆய்வகத்தில் நடந்த வேலை. உறைதலின் இரண்டு பாதைகளும் வந்து கூடும் இடத்தில் இருக்கிறது செயலூக்கம் பெற்ற பத்தாம் காரணி. அது புரோத்ராம்பினை வெட்டி, உறைகட்டியை உருவாக்கும் நொதியான த்ராம்பினாக்குகிறது. அந்த நொதியைத் தனியே எடுத்து, அது வெட்டினால் மஞ்சள் நிற நைட்ரோஅனிலினை வெளியிடும் ஒரு சிறு பெப்டைடைக் கொடுத்து, 405 நானோமீட்டரில் நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கலாம். சேர்மம் நொதியைப் பிடித்தால் நிறம் ஏறுவது மெதுவாகும். கேள்வியும் பதிலும் நேருக்கு நேர் நிற்கும் சோதனை இது.

இந்த நொதி ஆர்ஜினின் என்ற காரத்தன்மை கொண்ட அமினோ அமிலத்தை அடுத்து வெட்டும் பழக்கமுடையது. ஆகவே முதல் தலைமுறைத் தடுப்பான்கள் ஆர்ஜினினைப் போலப் பாவனை செய்யும் அமிடின் தொகுதிகளைக் கொண்டிருந்தன. நொதியை அவை இறுகப் பிடித்தன. மின்சுமை காரணமாகக் குடலில் உறிஞ்சப்படவில்லை. பேயர் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2,00,000 சேர்மங்களைச் சலித்து, முதலில் கிடைத்த ஒரு தொடரைச் செம்மைப்படுத்திப் பார்த்தார்கள்; வலிமை வந்தது, வாய்வழி உறிஞ்சல் வரவில்லை. பின்னர் பழைய முடிவுகளுக்குத் திரும்பி, 20 மைக்ரோமோலார் செறிவில்தான் பாதித் தடை தரும் மிகப் பலவீனமான ஒரு ஆக்சசோலிடினோனை எடுத்துக்கொண்டார்கள். அதன் தயோஃபீன் வளையத்தில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்ததும் அந்த எண் 90 நானோமோலாராக இறங்கியது. மறுமுனையில் மார்ஃபோலினோன் வளையத்தைப் பொருத்தியபோது 0.7 நானோமோலாருக்கு வந்து சேர்ந்தது. அதுவே ரிவராக்சபான்; 2005-இல் சூசன் ரோரிக்கும் உடன் பணியாற்றியவர்களும் இதை வெளியிட்டார்கள்.

படிக அமைப்பைப் பார்த்தபோதுதான் அந்தக் குளோரினின் பெருமை விளங்கியது. ஆர்ஜினினுக்காக ஏற்பட்ட பையின் அடியில் இருக்கும் டைரோசின் வளையத்தின் மேல் அது சென்று அமர்ந்திருந்தது; கார முனையே இல்லாமல் அந்தப் பை நிறைந்துவிட்டது. இதுவும் எஸ் வடிவம். அதன் ஆடிப்பிம்பம் ஆயிரக்கணக்கான மடங்கு வலுக்குறைந்தது. தொடர்புடைய பிற புரோட்டியேஸ் நொதிகளை முடக்க 10,000 மடங்குக்கும் மேல் செறிவு வேண்டியிருந்தது. ஒற்றை அணுவுக்கு இவ்வளவு பதில் சொல்லும் சோதனை கையில் இருந்ததால்தான், மருந்தியலில் எலிசபெத் பெர்ட்ஸ்போர்ன் போன்றவர்களின் துணையோடு அந்தக் குழு இவ்வளவு தூரம் வர முடிந்தது. 2008-இல் கனடாவிலும் ஐரோப்பாவிலும் மருந்து ஒப்புதல் பெற்றது.

இனி, கூமரின் சேர்மங்கள் பிளாஸ்மாவில் புரோத்ராம்பின் நேரத்தை நீட்டிவிட்டன என்ற முடிவுகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எஞ்சுகிறது. அந்த அளவீடுகள் பொய் என்று நான் கருதவில்லை; நொடிகள் உண்மையிலேயே நீண்டிருக்கலாம். இரத்தத்தை எடுக்கும்போதே சிட்ரேட்டைக் கலந்து கால்சியத்தைக் கட்டிவைக்கிறோம். சோதனையின்போது திசுக் காரணியோடு அளவான கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறோம். இயல்பான பிளாஸ்மா ஏறத்தாழ 11 முதல் 14 நொடிக்குள் உறைகிறது. இடையில் நாம் போடும் சேர்மம் உலோக அயனிகளைப் பிணைக்கக்கூடியதாக இருந்தால், அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கை அதுவும் பற்றிக்கொள்ளும். அருகருகே இரண்டு ஈனால் ஆக்சிஜன்களைக் கொண்ட இரட்டைக் கூமரின்கள் இதற்கு வாய்ப்புள்ளவை. மில்லிமோலார் அளவில் கலந்து நேரம் நீண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சேர்மம் தண்ணீரில் கரையாது என்பதற்காகச் சேர்க்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் அளவு கூடும்போது உறைதலைக் குலைக்கும். சேர்மமே கரையாமல் நுண்துகளாக வீழ்ந்து, ஒளியை அளந்து உறைவைக் கண்டறியும் கருவியைக் குழப்பவும் செய்யும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் நைட்ரோ வழிப்பொருள்கள் 405 நானோமீட்டர் சோதனையில் தரும் தொல்லையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைக் களைவது பெரிய செலவும் இல்லை. கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்து, நீண்ட நேரம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்கலாம். கரைப்பானை மட்டும் சேர்த்த பிளாஸ்மாவை ஒவ்வொரு தொகுதியிலும் வைக்கலாம். புரோத்ராம்பின் நேரம், உறைதலின் மற்றொரு பாதையை அளக்கும் ஏ.பி.டி.டி., த்ராம்பின் நேரம் மூன்றையும் சேர்த்து எடுத்தால், தடை எந்தப் பாதையில் விழுகிறது என்ற முதல் குறிப்பாவது கிடைக்கும். ஒப்பீட்டுக்கு ஹெப்பரின் போதாது. ஆன்டித்ராம்பினை ஏவி வேலை செய்யும் பெரிய சர்க்கரைச் சங்கிலி அது, நம் சிறு மூலக்கூறோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ரிவராக்சபானை நேர்மறை ஒப்பீடாகவும், வார்ஃபரினை அதே தட்டில் எதிர்மறை ஒப்பீடாகவும் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த ஒரு வரி அட்டவணையில் இருந்தாலே படிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

சரியான இலக்கும் சரியான குழாயும் அமைந்த பிறகும் வழி நீண்டது என்பதற்குச் சிமெலகாட்ரானை நினைவுகூரலாம். த்ராம்பினை நேரடியாகத் தடுக்கும் வாய்வழி மருந்துகளில் முதலாவதாக ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது அது. சில நாள் மட்டும் உட்கொண்டவர்களிடம் தெரியாத கல்லீரல் பாதிப்பு, மாதக்கணக்கில் உட்கொண்டவர்களிடம் வெளிப்பட்டது. 2006-இல் திரும்பப் பெறப்பட்டது.

வார்ஃபரினின் காலம் முடிந்துவிட்டது, ஆகவே கூமரின் தொகுப்பையே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இயந்திர வகைச் செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களிடம், த்ராம்பினைத் தடுக்கும் மருந்தான டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, உறைகட்டியும் இரத்தக் கசிவும் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பும் உள்ள நோயாளிகளிடம், இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. ரிவராக்சபான் பெற்றவர்களைவிட, வார்ஃபரின் போன்ற வைட்டமின் கே எதிர்ப்பிகள் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. குழந்தைப் பருவத்தில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, மாதந்தோறும் ஐ.என்.ஆர். (புரோத்ராம்பின் நேரத்தைத் தரப்படுத்திய எண்) பார்க்க வரிசையில் நிற்பவர்கள் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். கீரையைக் கூட்டியோ குறைத்தோ சாப்பிட்டால் எண் மாறுகிறது. வேறு மருந்து ஒன்றைச் சேர்த்தால் மாறுகிறது. வைட்டமின் கே-யைத் திரும்ப ஒடுக்கும் அந்த நொதியையே பிடித்து, இவ்வளவு தள்ளாட்டம் இல்லாத ஒரு மூலக்கூறு அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

அதைத் தேடுவதற்கான வசதி முன்பைவிட இப்போது கூடியிருக்கிறது. வார்ஃபரின் உள்ளிட்ட எதிர்ப்பிகளைப் பிடித்தபடி இருக்கும் மனித நொதியின் படிக அமைப்புகள் 2020-இன் இறுதியில் வெளியாகின. எந்தத் தொகுதியை எங்கே நீட்டலாம் என்று கணினியில் பொருத்திப் பார்க்க அவை உதவும். முயலைத் தேடிப் போகாமலேயே சோதிக்கவும் வழி இருக்கிறது. ஒன்பதாம் காரணியின் கார்பாக்சில் ஏறும் பகுதியைச் சுரக்குமாறு மாற்றப்பட்ட மனித செல்களை வளர்த்து, வைட்டமின் கே எப்பாக்சைடைக் கொடுத்து, சேர்மம் சேர்த்தபின் கார்பாக்சில் ஏறிய புரதம் எவ்வளவு வெளிவருகிறது என்று அதற்கென உள்ள எதிர்ப்பொருளால் அளக்கலாம். செல்களை உடைத்துப் பிரித்த நுண்ணுறைகளில் டைதயோதிரெய்டால் என்ற ஒடுக்கி கொண்டு செய்யும் பழைய நொதிச் சோதனையைவிட, நோயாளிகளிடம் காணும் நடத்தைக்கு இது நெருக்கமாக வருகிறது. செல்வளர்ப்பு வசதி இல்லாத கல்லூரித் துறைகள் அந்த வசதியுள்ள உயிர்வேதியியல் துறை ஒன்றோடு கைகோத்தால் போதும். அவர்களுக்கு மூலக்கூறு வேண்டும், நமக்குச் சோதனை வேண்டும். அங்கே புதிய கூமரின் ஒன்று கார்பாக்சில் ஏற்றத்தைக் குறைத்து, வைட்டமின் கே-யை மிகுதியாகக் கொடுத்ததும் அந்தக் குறைவு மறைந்து, செல்களும் நலமாக இருந்தால், அந்தச் சேர்மத்தை வார்ஃபரினோடு ஒரே அட்டவணையில் எழுதலாம்.